ஆற்று மணலில் வைரம்

ஆற்று மணலிற் கிடக்கும் வைரம் மின்னுவதில்லை. நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியினுள்ளே நெருப்பெனச் சுடரும் அக்கல், பிறந்த கோலத்தில் மங்கிய கண்ணாடித் துண்டு போன்றோ படிகாரக் கட்டி போன்றோ தோன்றும். அதன் மேனியில் எண்ணெய் தடவினாற்போன்ற ஒரு மினுமினுப்பு இருக்கும், அவ்வளவே. அதனைக் கண்டெடுத்தவனுக்கும் காலால் இடறிவிட்டு நடந்தவனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் கண் பழக்கமேயன்றி வேறன்று. தென்னாபிரிக்காவின் வரலாற்றையே திருப்பிவிட்ட கல்லொன்று சிறுவரின் விளையாட்டுப் பொருளாய்க் கிடந்ததும் இதனாலேதான்.

1867ஆம் ஆண்டளவில், ஒறேஞ்சு ஆற்றின் அருகே, ஹோப்ரவுன் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் எரஸ்மஸ் ஜேக்கப்ஸ் என்ற பதினைந்து வயதுச் சிறுவன் வாழ்ந்தான். ஆற்றோரத்தில் அவன் பொறுக்கிய கல்லொன்று வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக் கற்களோடு சேர்ந்தது. ஈழத்துச் சிறுமியர் கொக்கான் ஆடுவது போன்ற ஆட்டம் அப்பிள்ளைகளுக்கும் உண்டு. அயற்பண்ணைக்காரரான ஸ்கால்க் வான் நீக்கேர்க் என்பவர் கல்லைக் கண்டு விலை கேட்டார். தாயோ, கூழாங்கல்லுக்கு விலையா என்று நகைத்து அதனை இனாமாகவே கொடுத்துவிட்டாள். பின்னர் அக்கல் ஜோன் ஓரெயிலி என்ற வணிகரின் கைக்கு மாறி ஊர் ஊராய்த் திரிந்தது. கோல்ஸ்பேர்க் நகரில் லொறென்சோ போயஸ் என்ற அரசாங்க அலுவலர் அதனாற் கண்ணாடியைக் கீறிப் பார்த்து, வைரமே என்றார். அவ்வூர் மருந்துக்கடைக்காரரோ, அது வெறும் புட்பராகம் எனச் சாதித்துப் புதுத் தொப்பியொன்றைப் பந்தயம் வைத்தார் என்பர்.

மருந்துக்கடைக்காரரின் ஐயத்தை எளிதில் நகையாடிவிட முடியாது. கண்ணாடியைக் கீறும் கல்லெல்லாம் வைரமாகா. வெண்படிகம் கீறும், புட்பராகம் கீறும், சேர்க்கோனும் கீறும். இலங்கையின் மாத்தறைப் பகுதியிற் கிடைக்கும் நிறமற்ற சேர்க்கோன் கற்கள் நெடுங்காலம் ‘மாத்தறை வைரம்’ என்ற பெயரால் விலைபோயின. அவற்றைத் தரங்குறைந்த வைரம் என்றே பலர் நம்பினர். நீரில் நிறுத்துப் பார்த்தால் உண்மை ஓரளவு தெளிவாகும். வெண்படிகம் தன்னளவுடைய நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு கனமுடையது, வைரம் 3.52 மடங்கு, சேர்க்கோன் 4.7 மடங்கு வரையுஞ் செல்லும். ஆனால் புட்பராகம் ஏறக்குறைய வைரத்தின் நிறையையே உடையது. இங்கே தராசும் கைவிடும். வன்மைச் சோதனையே வழிகாட்டும்.

அச்சோதனையைச் செய்தவர் கிரகாம்ஸ்ரவுன் நகரின் வைத்தியரும் புவியியலில் ஈடுபாடுடையவருமான அதர்ஸ்ரன் ஆவர். கோல்ஸ்பேர்க்கிலிருந்து சாதாரணத் தபாலில், கடித உறையொன்றினுள், கல் அவரிடம் வந்து சேர்ந்தது. காப்புறுதி இல்லை, காவலும் இல்லை. அவர் அதனை நிறுத்தார். நகரத்துப் பொற்கொல்லரின் அரங்களால் அராவிப் பார்த்தார். அரங்கள் பழுதாயினவேயன்றிக் கல்லில் வடு விழவில்லை. 21.25 கரட் நிறையுடைய வைரம், 500 பவுண் பெறும் என்பது அவர் தீர்ப்பு. இத்தகைய கற்கள் அந்நிலத்தில் இன்னும் பல இருத்தல் வேண்டும் என்றும் அவர் துணிந்து எழுதினார். கேப் குடியேற்ற நாட்டின் ஆள்பதி சேர் பிலிப் வூட்ஹவுஸ் அந்த விலைக்கே அதனை வாங்கினார். பிற்காலத்தில் ‘யுறேக்கா’ எனப் பெயர்பெற்ற வைரம் இதுவே.

வைரத்தை அறியும் குறிகளைப் பாரத நாட்டார் மிகப் பழைய காலத்திலேயே வகுத்திருந்தனர். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நல்ல வைரத்துக்குக் கனத்தையும் ஒத்த முனைகளையும் பாண்டத்தைக் கீறும் வன்மையையும் ஒளியையும் இலக்கணமாகக் கூறுகின்றது; முனை மழுங்கிய கல்லைத் தாழ்ந்ததாக வைக்கின்றது. பின்னெழுந்த இரத்தின சாத்திரங்கள் ஆறு முனை, எட்டு முகம், பன்னிரண்டு விளிம்பு எனக் கணக்கிட்டன. அடியோடு அடி பொருந்திய இரு கூம்பகங்களை மனத்திற் கொண்டால் அவ்வடிவம் விளங்கும். இன்றைய படிகவியலும் அக்கணக்கில் ஒன்றையுங் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நல்ல வைரம் நீரில் மிதக்கும் என்று அந்நூல்கள் கூறுவது மட்டும் நிறைக்கணக்குக்கு முரணானது. எனினும் முற்றிலும் கட்டுக்கதை எனத் தள்ளவும் இயலாது. வைரத்தின் மேனியில் நீர் ஒட்டுவதில்லை. உலர்ந்த நுண்ணிய வைரத்துகள் நீரின் மேற்பரப்பில் தங்கி நிற்றல் கூடும். நீரை விலக்கும் அம்மேனி கொழுப்பைப் பற்றிக்கொள்ளும். 1890களின் பிற்பகுதியிற் கிம்பர்லி நகரில் கொழுப்புத் தடவிய சாய்பலகையின் மேல் நீரோடு கற்களை ஓடவிட்டபோது, ஏனைய கற்கள் வழுகிச் செல்ல வைரங்கள் மாத்திரம் ஒட்டி நின்றன. ஆயினும் நெடுங்காலம் ஆற்றிலோ கடலிலோ கிடந்த வைரத்தின்மேல் உப்பும் பிறவும் படலமாய்ப் படிந்துவிடும். அத்தகைய கல் கொழுப்பில் எளிதில் ஒட்டாது.

யுறேக்கா கிடைத்தும் இலண்டன் நம்பவில்லை. 1868இல் ஹரி இமானுவேல் என்ற இலண்டன் வைர வணிகர், ஜேம்ஸ் கிறகரி என்ற கனிப்பொருள் அறிஞரை ஆராய்ந்து வர அனுப்பினார். கிறகரி ஹோப்ரவுன் பகுதியைச் சுற்றிப் பார்த்துத் திரும்பி, அந்நிலத்தின் பாறைகள் வைரம் பிறக்கும் பாறைகள் அல்ல. வைரக் கதை முழுவதும் ஏமாற்று. உண்மையாகவே கற்கள் கிடைத்திருப்பின் அவை தீக்கோழிகளின் இரைப்பையில் வந்தவையாகலாம் என்று அந்த ஆண்டிலேயே எழுதினார். அதர்ஸ்ரன் மறுத்தெழுதினார். பிற்காலத்தில் வைர வணிகரிடையே ‘கிறகரி’ என்றாலே தவறான மதிப்பீடு என்று பொருள் கொள்ளும் வழக்கு உண்டாயிற்று.

கிறகரியின் பிழை கண்ணின் பிழையன்று, கருத்தின் பிழை. ஆற்று வைரம் ஆற்றிற் பிறப்பதில்லை. நிலத்தின் அடியில் 150 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்ட ஆழத்திலே, பெரும் அழுக்கத்தில் காபன் இறுகி வைரமாகின்றது. எரிமலைக் குழாய்கள் அதனை மேலே கொணர்கின்றன. மழையும் வெயிலும் அக்குழாய்களின் தலையைத் தேய்த்துக் கரைக்க, ஆறு வைரத்தை வாரிச் செல்கின்றது. ஆகவே கல் கிடைத்த கரையின் பாறையை நோக்கி வைரம் உண்டா இல்லையா என்று தீர்ப்பது, முற்றத்திற் கிடக்கும் பனங்கொட்டையைக் கண்டு முற்றத்திற் பனை இல்லையே என்று மறுப்பது போன்றது.

ஆறு அக்கல்லின் மேனியில் எழுதிய எழுத்தைக் கிறகரி படித்திருக்கலாம். முனைகளிற் சிறு மோதல் வடுக்களும், விளிம்புகளில் மங்கலான தேய்வும் ஆற்று வைரத்திற் காணப்படும். சிலவற்றின் தோலிற் பச்சைப் புள்ளிகள் இருக்கும். பரற்கற்களிடையே கிடந்த கதிர்வீச்சுக் கனிகள் நெடுங்காலம் பக்கத்தில் இருந்ததால் ஏற்பட்ட தழும்புகள் அவை. ஒன்றை மட்டும் ஆற்றின் கணக்கில் எழுதலாகாது. பல வைரங்கள் வளைந்த முகங்களோடு உருண்டு தோன்றுவது பெரும்பாலும் நீர் தேய்த்ததனாலன்று. மேலெழும் வழியிலே உருகிய பாறைக் குழம்பு அரித்ததனாலேயே ஆகும். வைரத்தைத் தேய்ப்பது ஆற்றுக்கும் அரிது. உடைப்பதோ எளிது, ஏனெனில் அக்கல் நான்கு திசைகளிற் பிளவுபடும் இயல்புடையது. சம்மட்டியால் அடித்தும் உடையாததே வைரம் என்ற பழைய நம்பிக்கை நல்ல கற்களையும் தூளாக்கவல்லது. வெடிப்புடைய கற்களை ஆறே உடைத்துத் தள்ளிவிடுவதால், நெடுந்தூரம் வந்து சேர்ந்தவற்றிற் பழுதற்றவை மிகுந்திருக்கும்.

1869இல் விடை கிடைத்தது. ஒறேஞ்சு ஆற்றுப் பக்கத்திலே கிரிக்குவா இன இடையன் ஒருவன் 83.5 கரட் கல்லொன்றைக் கண்டெடுத்தான். அதே வான் நீக்கேர்க் 500 ஆடுகளும் 10 எருதுகளும் ஒரு குதிரையும் கொடுத்து அதனைப் பெற்று, ஏறத்தாழ 11,200 பவுணுக்கு விற்றார். இடையனுக்கு அது பெருஞ் செல்வமே. ஆயினும் வேறுபாட்டை நேயர்களே கணித்துக்கொள்ளலாம். ‘தென்னாபிரிக்க விண்மீன்’ எனப் பெயர்பெற்ற அக்கல்லின் பின் ஆயிரக்கணக்கானோர் வால் ஆற்றங்கரைக்குத் திரண்டனர். சல்லடையை நீரில் வட்டமாய்ச் சுழற்றினாற் கனமான கற்கள் அடியில், நடுவிற் சேரும். சல்லடையைக் கவிழ்த்தால் அவை மேலே தெரியும். அக்கைவித்தை ஒன்றே அவர்களின் மூலதனம். 1870, 1871ஆம் ஆண்டுகளில் ஆற்றை விட்டு விலகிய வறண்ட நிலத்திலேயே வைரக் குழாய்கள் அகப்பட்டன. 1871 ஒக்ரோபரில் பிரித்தானியர் கிரிக்குவா மக்களின் நிலத்தைத் தம் ஆட்சியுடன் சேர்த்துக்கொண்டனர். முதற் பெருங்கல்லைக் கண்டெடுத்த இனத்தார், சில ஆண்டுகளுள் தம் மண்ணிலேயே நிலமிழந்தோராயினர்.

ஒறேஞ்சு ஆறு வாரிய வைரங்கள் கரையோடு நின்றுவிடவில்லை. கடலிற் கலந்து, அலையாலும் நீரோட்டத்தாலும் வடக்கே தள்ளப்பட்டு, காற்றினால் நமீப் பாலைவன மணலிலும் பரவின. ஆற்று முகத்திலிருந்து வடக்கே செல்லச் செல்லக் கற்கள் சிறுத்துக்கொண்டே போகும். 1908இல், ஜெர்மானியர் ஆண்ட அந்நாட்டில், கொல்மன்ஸ்கோப் அருகே இருப்புப்பாதையில் மூடிய மணலை அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி சிறு கல்லொன்றைக் கண்டு குனிந்தெடுத்தார். முன்னர் கிம்பர்லியில் வேலை செய்தவராதலின் அவருடைய கண் ஏமாறவில்லை. கல்லைத் தம் மேற்பார்வையாளர் ஓகுஸ்ற் ஸ்ரவுக் என்பவரிடம் கொடுத்தார். ஸ்ரவுக் அந்நிலத்தில் உரிமை பெற்றுப் பெருஞ் செல்வரானார். லெவாலாவுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.