வழக்குரைஞர் தொழிலும் பொதுப்பணியும்: காந்தியடிகளின் தென்னாபிரிக்க அலுவலகம்

கரம்பொன் முதலிய தீவகத்து ஊர்களிலே அப்புக்காத்து, பிறக்கிராசி, நொத்தாரிசு என்னும் சொற்களைக் கேளாது வளர்ந்த முதியோர் அரியர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுக்கும் தேசவழமை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்டது. அதன்வழி எழுந்த காணி உறுதிகள் ஒவ்வொரு குடும்பத்தையும் சட்டத்தோடு பிணைத்தன. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் வேறுபாட்டை நீக்கி இரு சாராரையும் சட்டத்தரணிகள் ஆக்கிற்று. பெயர் மாறினும், பிறர் துன்பத்தின் வழியே பொருளீட்டும் இத்தொழில் அறத்தோடு பொருந்துமா என்னும் பழைய ஐயம் மாறவில்லை. 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்த காந்தியடிகளின் முந்தைய வாழ்க்கை இவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகின்றது.

1893ஆம் ஆண்டிலே தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கொன்றிற்காக 105 பவுண் ஊதியத்தில் அவர் தென்னாபிரிக்கா சென்றார். வழக்கு நீளின் இருதரப்பு வணிகரும் அழிவர் எனக் கண்டு, அதனை நடுவர் தீர்ப்புக்கு விடச் செய்தார். தோற்றவர் ஏறத்தாழ 37,000 பவுண் செலுத்த வேண்டியவரானார். அவர் முறிந்து போகாவண்ணம் தவணைமுறையில் செலுத்துதற்கு வென்றவரை இணங்க வைத்தவரும் காந்தியடிகளே. பகைத்தோரை இணைப்பதே வழக்குரைஞர் கடன் என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது இதன் பின்னரே.

1894இல் நேற்றாலில் தங்குமாறு இந்திய வணிகர் வேண்டியபோது, பொதுப்பணிக்கு ஊதியம் பெற அவர் மறுத்தார். ஏறத்தாழ இருபது வணிகர் தத்தம் சட்ட அலுவல்களை அவரிடம் ஒப்படைத்து, ஓராண்டுக் கட்டணத்தை முன்னரே அளித்தனர். செல்வர் தந்த கட்டணம் அலுவலகத்தைத் தாங்கிற்று. அவ்வலுவலகத்தின் கதவு ஏழைக்குத் திறந்திருந்தது. முன்பற்கள் உடைந்து, குருதி வழியத் தலைத்துணியைக் கையிலேந்தி வந்த பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அக்கதவு வழியே வந்தவரே. அவர் கூறியதைத் தமிழரான எழுதுவினைஞர் எடுத்துரைத்தார். காந்தியடிகள் அவரை மருத்துவரிடமும் நீதவானிடமும் சேர்ப்பித்து, கொடிய முதலாளியிடமிருந்து விடுவித்து வேறொருவரிடம் அமர்த்தினார். இச்செய்தி சென்னை வரை பரவிற்று.

1903இல் யொகானஸ்பேர்க்கில் நிறுவிய அலுவலகம் மேலும் வளர்ந்தது. ரிச், போலக் ஆகியோர் அங்கே தொழில் பயின்றனர். சோன்யா சிலேசின் சுருக்கெழுத்தாளரானார். நகரசபை இந்தியர் குடியிருப்பைக் கையகப்படுத்தியபோது, அங்கு வாழ்ந்தோர் இழப்பீடு கோரி வழக்காடினர். இவர்களிற் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தோர். நீதிமன்றம் விதிக்கும் செலவுத்தொகையோடு வழக்கொன்றுக்கு 10 பவுண் மாத்திரமே போதும் எனவும், அதிலும் பாதியை ஏழைகளுக்கான மருத்துவமனை போன்ற நிலையமொன்றிற்கு ஒதுக்குவதாகவும் அவர் அறிவித்தார். ஏறத்தாழ எழுபது வழக்குகளுள் ஒன்றே தோற்றது. குறைந்த கட்டணமாயினும், வழக்குகள் பலவாதலின் வருவாய் பெரிதாயிற்று.

ஆயின் அவ்வருவாய் நிலைத்து நிற்கவில்லை. 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் அதில் ஏறத்தாழ 1,600 பவுணை விழுங்கிற்று என அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கின்றார். ஒரு காலத்தில் மாதந்தோறும் 75 பவுண் அவ்விதழுக்குச் சென்றது. தமிழ்ப் பகுதியும் கொண்டு வெளிவந்த அவ்விதழ் இன்றேல் பின்னைய சத்தியாக்கிரகம் எளிதில் வளர்ந்திராது. எனினும், ஒரு நற்பணிக்கென எண்ணிய பொருளை மற்றொரு நற்பணி ஈர்த்துக்கொள்ளும் இடர்ப்பாடும் இதிலே புலனாகின்றது.

பொய்வழக்கைக் கொண்டுவர வேண்டாவென அவர் தம்மை நாடியோரிடம் முன்னரே கூறிவிடுவார். வழக்கு நடக்கும்போதே தம் கட்சிக்காரர் ஏமாற்றியதை அறிந்து, அவ்வழக்கைத் தள்ளுமாறு நீதவானை வேண்டியதும் உண்டு. இதனால் அவர் தொழில் குன்றவில்லை. நம்பிக்கை பெருகி, வருவாயும் பெருகிற்று.

இவ்வலுவலகத்தின் வலிமையும் குறையும் ஒன்றே: அது ஒருவருடைய மனச்சான்றில் தங்கியிருந்தது. 1906இல் போராட்டம் தொடங்கி, அவர் சிறை புகவும் பண்ணையில் வாழவும் நேர்ந்தபோது, தொழில் படிப்படியாகப் பின்தள்ளப்பட்டது. ஈட்டலும் ஈதலும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியும் என்பதை அவ்வலுவலகம் மெய்ப்பித்தது. அவ்வாழ்வு ஒருவரோடு முடியாது நிலைக்க வேண்டுமாயின், நல்லெண்ணத்தோடு முறையான ஏற்பாடும் வேண்டும் என்பதே சட்டம் பயிலும் இளந்தலைமுறைக்கு அவ்வரலாறு விட்டுச்சென்ற பாடமாகும்.