பெருங்குடி நெருப்பும் பொக்லைன் சாரதிகளும்

தாம்பரத்திற்கும் வேளச்சேரிக்கும் இடையே நீர்ப்பறவைகளின் வாசஸ்தலமாய்ப் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாயிற்று. ஆயினும் அதன் விளிம்பில், பெருங்குடியில், 1980களிலிருந்து சென்னை மாநகரத்தின் குப்பை மலையாய் வளர்ந்துவந்தது. அழுகும் கழிவிலிருந்து பிறக்கும் மீத்தேன் வாயு கோடையின் உஷ்ணத்தில் எளிதில் பற்றிக்கொள்ளுமாதலால், நெருப்பு அங்கே நிரந்தர அபாயமாயிற்று. 2022 ஏப்ரல் 27 அன்று மூண்ட தீ நாட்கணக்கில் புகைந்தபோது, மேலே பீய்ச்சிய நீர் குவியலின் கர்ப்பத்தை எட்டாத காரணத்தால், பொக்லைன் கொண்டு குப்பையைக் கிளறி, உள்ளே கனன்றதை வெளிக்கொணர்ந்து நனைக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் காடுகளில் புல்டோசரால் மண்கோடு கிழித்துத் தீயை மறிப்பவருக்குள்ள கௌரவம், விஷப்புகையின் நடுவே உழைத்த இச்சாரதிகளுக்கும் உரியது. நகரத்தின் சரித்திரத்தை எழுதுவோர் அவர்களை மறக்கலாகாது.