வெள்ளலூர் வெள்ளியும் சீசரின் முகமும்

சூலூரிலிருந்து நொய்யற்கரை வழியே மேற்கு நோக்கிச் சென்றால் வெள்ளலூரை அடையலாம். 1842ஆம் ஆண்டு அவ்வூர் மண்ணிலிருந்து 522 உரோமை வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இருவருடையவை: அகுஸ்து, திபேரியு. நம் செவிக்குப் புதிய பெயர்களா இவை? ஆண்டவரின் பிறப்பைக் கூறுமிடத்தில் முன்னவரையும், திருமுழுக்கு யோவானின் பணித் தொடக்கத்தைக் கூறுமிடத்தில் பின்னவரையும் லூக்கா குறிப்பிடுகிறார்.

திபேரியுவின் காசில் ஒருபுறம் அவருடைய தலை. சுற்றிலும் அவரைத் 'தெய்வமான அகுஸ்துவின் மகன்' என்னும் இலத்தீன் எழுத்துகள். மறுபுறம் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவம்; அதனருகே 'தலைமைக் குரு' என்னும் பட்டம். (பிற்காலத்தில் அப்பட்டம் யாரைச் சேர்ந்தது என்பதை இவ்விதழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.) சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன தெனாரியம் இவ்வகையினது என்பதே அறிஞர் பலரின் கருத்து, ஐயுறுவோரும் உளர். திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலியும் ஒரு தெனாரியமே.

மேலைக் கடற்கரையில் இறங்கிய இவ்வெள்ளி, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வந்தது. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல்லும் மலைநாட்டு மிளகும் அதனை ஈர்த்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தெர்சுகளை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி வருந்தி எழுதினார்.

யெருசலேமில் எழுந்த வினா, இவ்வுருவம் யாருடையது என்பது. கொங்கு வணிகரோ எடையையும் தூய்மையையுமே கேட்டனர் என்று கருத இடமுண்டு. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தார். அதற்குப் பிற்பட்ட வெள்ளிக் காசுகள் இங்கு அரிதாகவே கிடைக்கின்றன. பேரரசரின் முகம் இங்கே எவரையும் மயக்கவில்லை போலும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், முகத்தின் குறுக்கே உளி வெட்டு விழுந்திருக்கிறது!

இன்றைய காசு சேகரிப்பாளர் மீண்டும் முகத்தையே தேடுகிறார். அந்த ஆசையை நான் பழிக்கவில்லை; நம் ஆண்டவர் காலத்துக் காசு ஒன்றை உள்ளங்கையில் ஏந்த விரும்பாதவர் யார்? ஆனால், மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். சீசருக்கு உரியது சீசருக்கு என்று நகைக்கலாம். காரணம் அதுவன்று. ஒரு புதையலில் காலத்தால் பிந்திய காசே, அது எக்காலத்துக்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்பதைக் காட்டுகிறது. அந்த ஒன்றை மட்டும் ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், எஞ்சிய ஐந்நூறும் பொய்ச்சான்று சொல்லும்.