மண்ணில் பதிந்த மர மாளிகைகள்

நம் ஆலய நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தார்கள். சபையின் வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. போதகர்களின் பணியும் கோபுரம் எழுந்த விதமும் இம்மலரிலேயே வேறு பக்கங்களில் உள்ளன. ஆகவே, கல்லும் சுண்ணாம்பும் அருகிப்போன ஒரு காலத்தில் மக்கள் மரத்தால் கட்டி வாழ்ந்ததையும், மரத்தால் கட்டிய ஆலயங்களில் கர்த்தரைத் தொழுததையும் பற்றி எழுதுகிறேன். களம் பிரிட்டன், காலம் கி.பி. 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை.

ரோமர் போன பின்

கி.பி. 410 அளவில் பிரிட்டனில் ரோம ஆட்சி முடிந்தது. புது நாணயம் வருவது நின்றது. பெரிய மண்பாண்டத் தொழில்கள் நொடித்தன. கற்கட்டடம் எழுப்புவோர் அருகினர். முந்தைய வரலாற்றாசிரியர் பலர் அதை இருண்ட காலம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோனார்கள். ஆனால் மக்கள் அங்கேயே இருந்தார்கள், மரத்தில் கட்டினார்கள்.

மரம் மக்கிவிடும், அதை நட்ட குழி மறைவதில்லை. ஒருமுறை தோண்டி நிரப்பிய மண், தோண்டாத மண்ணோடு நிறத்திலும் இறுக்கத்திலும் சேராது. கம்பம் நின்ற இடம் கருமையான வட்டமாகத் தெரியும்; அதைச் சுற்றி, கம்பம் அசையாதிருக்க இட்ட கற்கள் கிடக்கும். வீடு எரிந்திருந்தால், சுவரில் பூசிய களிமண் சுட்டு இறுகி, உள்ளே பின்னியிருந்த குச்சிகளின் அச்சைக் காட்டும்.

குழியே தோண்டாமல், தரையில் கிடத்திய அடிச்சட்டத்தின்மேல் எழுப்பிய கட்டடங்களும் உண்டு. இவற்றின் தடம் மிக மெல்லியது. இங்கே யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தை நினைக்கிறேன். ஆசரிப்புக் கூடாரத்தின் சீத்திம் மரப்பலகைகள், பலகைக்கு இரண்டாக வெள்ளிப் பாதங்களின்மேல் நின்றன. கூடாரத்தைப் பிரித்துச் சென்றபின் அந்தப் பலகைகள் நின்ற இடத்தில் என்ன குழி எஞ்சியிருக்கும்? தேவமகிமை தங்கிய இடமே இப்படியென்றால், தடம் தெரியாத இடத்தில் மக்களே இல்லை என்று முடிவுகட்ட நமக்கு ஏது உரிமை?

மூன்று அகழாய்வுகள்

ஷ்ராப்ஷயரில் உள்ள ராக்செட்டர், விரோகோனியம் என்ற ரோம நகரம். அதன் பொதுக் குளியலகத்தை ஒட்டிய பெருமண்டபத்தில் பிலிப் பார்க்கர் 1966 முதல் 1990 வரை அகழ்ந்தார். நம் அரிக்கமேட்டை 1945-இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் சதுரக் குழி முறையை வளர்த்தவர். பார்க்கரோ பரந்த வெளியை ஒருசேரத் திறந்து, கல் கல்லாக வரைந்து பதிவுசெய்தார். வெறும் இடிபாடு என்று வாரிக் கொட்டியிருக்கக்கூடிய கற்பரப்பை, 6-ஆம் நூற்றாண்டு மரக்கட்டடங்களுக்காகச் சமன்செய்த மேடைகள் என்று வாசித்தார். அவ்வாசிப்பை ஏற்காத அறிஞரும் உண்டு; ஆனால் அவர் கற்பித்த பொறுமையை யாரும் மறுக்க முடியாது.

வட இங்கிலாந்தில் ரோமர் எழுப்பிய ஹேட்ரியன் மதிலில் உள்ள பர்டோஸ்வால்ட் கோட்டையை டோனி வில்மட் 1987 முதல் 1992 வரை ஆராய்ந்தார். அங்கே ஒரு ரோமத் தானியக் களஞ்சியம் நின்ற இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரமாளிகைகள் எழுந்திருந்தன. அவற்றின் கம்பங்கள் நின்ற இடங்களில் இன்று புதிய மரக்கம்பங்களை நட்டு அடையாளம் காட்டியுள்ளனர்.

மூன்றாவது, நார்தம்பர்லாந்தின் யெவரிங். 1949-இல் வானிலிருந்து எடுத்த படத்தில் பயிர் நிறத்தின் வேறுபாடு கட்டடக் கோடுகளைக் காட்டியது. பிரையன் ஹோப்-டெய்லர் 1952-இல் அகழத் தொடங்கினார். அவருடைய அறிக்கை 1977-இல் வெளிவந்தது. சுமார் 25 மீட்டர் நீளமுள்ள அரச மாளிகையும், விசிறிபோல் விரிந்த படிவரிசை அவையிடமும் மண்நிறத்திலிருந்தே மீண்டு வந்தன.

பீட் முனிவரின் சாட்சி

யெவரிங்கை நாம் பெயரோடு அறிவது, என் உள்ளம் கவர்ந்த வரலாற்றாசிரியரான பீட் முனிவரால். 731-இல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில், பவுலினுஸ் என்ற மிஷனெரி இந்த அரச இருப்பிடத்தில் 36 நாள் தங்கி, காலைமுதல் மாலைவரை போதித்து, கிளென் ஆற்றில் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்கிறார். அப்பகுதியை ஆண்ட எட்வின் மன்னர் 627-இல் ஞானஸ்நானம் பெற்றது யார்க்கில் அவசரமாக எழுப்பிய மர ஆலயத்தில். லிண்டிஸ்பார்ன் தீவில் பினான் அத்தியட்சர் கட்டியது, செதுக்கிய ஓக் மரத்தால் ஆகி நாணல் வேய்ந்த ஆலயம்.

அய்டான் அத்தியட்சர் 651-இல் மரித்தபோது, ஓர் ஆலயத்தின் வெளிப்புறம் முட்டுக்கொடுத்திருந்த மரத்தில் சாய்ந்திருந்தார். அந்த ஆலயம் பின்னர் இருமுறை தீக்கிரையானது. இருமுறையும் அந்த மரம் எரியவில்லை என்று பீட் பக்தியோடு எழுதுகிறார். மூன்றாம் முறை கட்டியபோது அதை ஆலயத்தின் உள்ளே வைத்தார்கள். அகழாய்வாளர் தேடும் கம்பத்தையும் விசுவாசி போற்றும் கம்பத்தையும் ஒரே ஏட்டில் வைத்த அந்த முனிவருக்கு நாம் கடன்பட்டவர்கள்.

நம் கடமை

சபையாரே, இன்றைய கற்கோயிலுக்கு முன் நம் முன்னோர் ஓலைக்கூரையின்கீழ் முழங்காலிட்டார்கள். அந்த ஜெபவீடு நின்ற இடத்தை முதியோர் இன்னும் காட்டக்கூடும். வாலிபர் சங்கத்தார் அவர்களிடம் கேட்டு, இவ்வாண்டிலேயே வரைபடத்தில் குறித்துவையுங்கள். வளாகத்தில் எந்தக் கட்டடத்துக்கு வானம் தோண்டினாலும் இயந்திரத்தைச் சற்று நிறுத்தி, மண்ணின் நிறத்தைப் பாருங்கள். கருவட்டம் தெரிந்தால் அளந்து, படமெடுத்து, சபைப் பதிவேட்டில் எழுதுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்டவர்களுக்குச் செலுத்தும் நன்றியை, கம்பம் நட்டவர்களுக்கும் செலுத்துவோமாக.