இரு பெருங்கட்சிகளும் கொங்கு வாக்காளர் உள்ளமும்

கட்சி என்னும் சொல்லுக்குப் பறவைக்கூடு என்றும் புகலிடம் என்றும் பழைய வழக்கில் பொருள் உண்டு. ஒரு தரப்பார், ஒரு பக்கத்தார் என்னும் இற்றைப் பொருள் வடமொழி வழியாகப் பின்னர் வந்து சேர்ந்தது என்பர் அகராதி கண்டோர். இரண்டும் வேறு வேறு சொற்களே. ஆயினும், தேர்தற் காலத்தில் மக்கள் உள்ளம் படும் பாட்டை நோக்குவார்க்கு இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணத் தோன்றும். வாக்காளருள் ஒரு சாரார்க்குக் கட்சி இன்றும் கூடேயாம். தந்தை இருந்த கூட்டிலேயே மைந்தனும் இருப்பான். மற்றொரு சாரார்க்கு அது வழக்கில் எதிரெதிர் நிற்கும் இரு தரப்புகளுள் ஒன்று. இருவர் சொல்லையும் கேட்டு, இம்முறை இவர், அடுத்த முறை அவர் எனத் தீர்ப்பளிப்பதே தம் கடன் என அவர் கொள்வர். இவ்விரு சாரார்க்கும் புறம்பாக, 'இருவரும் வேண்டா' என்று எண்ணியும் அவ்வெண்ணத்தைச் சொல்ல இடங்காணாது நிற்போரும் உளர். இக்கட்டுரை பெரும்பாலும் இம்மூன்றாமவரைப் பற்றியது.

1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு நிகழ்ந்த பொதுத்தேர்தல்கள் பதின்மூன்று. அவற்றுள் தி.மு.க. ஆறு முறையும் அ.தி.மு.க. ஏழு முறையும் வென்றன, வேறெக்கட்சியும் வென்றதில்லை. கணக்கு இவ்வாறு ஏறத்தாழச் சமமாக நிற்பது கொண்டு, மக்கள் இரு கட்சிகளாலும் நிறைவெய்தியுள்ளனர் எனக் கூறுவாரும், வேறு வழியின்மையால் மாறி மாறித் தேர்ந்தனர் எனக் கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் ஆராய்தற்குக் கொங்குநாடு, அதனுள்ளும் திருப்பூரைச் சூழ்ந்த நிலப்பகுதி, நல்லதோர் ஆய்வுக்களம் என்பது எம் கருத்து.

திருப்பூரினின்று தாராபுரம் செல்லும் பாதையும் கோவையினின்று திருச்சி செல்லும் பெருவழியும் குறுக்கிடும் இடத்தில் உள்ளது அவிநாசிபாளையம். இதனைச் சுந்தரர் பாடல்பெற்ற அவிநாசியோடு மயங்குதல் கூடாது. அது திருப்பூருக்கு வடமேற்கே உள்ளது. இது தெற்கே பொங்கலூர் ஒன்றியத்தில் வடக்கு, தெற்கு என இரண்டு ஊராட்சிகளாக விளங்குவது. இந்நாற்சந்தியில் நின்று நோக்கின் வாக்காளர் ஒருவர் ஒருவராக இல்லை என்பது புலனாகும். வடக்கே பனியன் தொழிற்சாலைகள். மேற்கே பல்லடத்து விசைத்தறிகள். சூழவும் மானாவாரிப் புன்செய், கிணற்றுப் பாசனம், கோழிப்பண்ணை. ஒரே குடும்பத்தில் தந்தை உழவராகவும், ஒரு மகன் தறியோட்டுபவராகவும், மருமகள் பனியன் தையலுக்குச் செல்பவராகவும் இருத்தல் இப்பக்கத்தில் புதுமையன்று. ஆகவே, 'எந்தக் கட்சி நமக்கு உகந்தது?' என்னும் வினாவுக்கு அவ்வீட்டிலேயே மூன்று விடைகள் பிறக்கின்றன.

வரலாற்றை ஒருமுறை பின்னோக்கிக் காண்போம். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையில், முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அங்குத் தகுதி உண்டு, தகுதியின்மை உண்டு. கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. ஆனால் இருவருள் ஒருவரை விரும்பித் தெரிதல் என்பது அங்கு இல்லை. அதனை மக்களாட்சியின் முன்னோடி எனப் போற்றுவார் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். விரும்பித் தெரிதலும், அதனோடு கூடிய மனப்போராட்டமும் 1920ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தேர்தலோடுதான் நம்மிடம் வந்தன. அன்று காங்கிரசு புறக்கணித்தமையால் நீதிக்கட்சி வென்றது. 1937இல் இரண்டும் நேர்நின்றபோது காங்கிரசு 215 இடங்களுள் 159ஐப் பெற்றது. எனினும் அக்காலத்து வாக்குரிமை சொத்துடையார்க்கும் படித்தார்க்கும் உரியதாகவே பெரிதும் இருந்தது. அவிநாசிபாளையத்துக் கூலியாளுக்கு 'யாருக்குப் போடுவது?' என்னும் கவலை 1952க்குப் பின்னரே உண்டாயிற்று.

அக்கவலை கசப்பாக மாறியது உழவர் போராட்டங்களில். 1970 சூன் 19ஆம் நாள், திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூரில், மின்கட்டணத்தில் ஒரு பைசா உயர்ந்ததை எதிர்த்த உழவர்மேல் காவலர் சுட்டதில் மூவர் மாண்டனர். 1972இல் கோவை நகரை மாட்டுவண்டிகளால் அடைத்த போராட்டம் இந்தியா முழுதும் பேசப்பட்டது. அவ்வாண்டு சூலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடுகளில் மேலும் பலர் உயிர் துறந்தனர். இவை தி.மு.க. ஆட்சியில் நிகழ்ந்தவை. 1977இல் ஆட்சி மாறிற்று, ஆனால் அ.தி.மு.க. ஆட்சியிலும் உழவர் போராட்டங்களின்மேல் துப்பாக்கி வெடித்தது. இப்போராட்டங்களுக்குத் தலைமை தாங்கிய நாராயணசாமி நாயுடு நெடுங்காலம் தம் சங்கத்தைக் கட்சிகளினின்றும் விலக்கியே வைத்திருந்தார்; பின்னர் 1982இல் தாமே ஒரு கட்சி கண்டார்; 1984 திசம்பரில், தேர்தல் பரப்புரைக் காலத்திலேயே மறைந்தார். அவர் சங்கம் பெருந்திரளைத் திரட்டியது. அவர் கட்சியோ வாக்கைத் திரட்டவில்லை. ஒரே மக்கள், ஒரே தலைவர். சங்கத்துக்குத் தோள் கொடுத்தவர் கட்சிக்கு வாக்குக் கொடாமை எக்காரணம் பற்றியது? இவ்வினாவே பின்னர் மொடக்குறிச்சியில் பேருருக் கொண்டு எழுந்தது.

ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள மொடக்குறிச்சித் தொகுதியில், 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு 1,033 பேர் வேட்பாளராயினர். தம் குறைகளை ஆண்டவரும் ஆளவந்தவரும் செவிமடுக்கவில்லை என்பதை உலகறியச் செய்தற்பொருட்டு உழவர்கள் அணியணியாக வேட்புமனுக் கொடுத்தனர். அன்று வேட்பாளர் கட்டவேண்டிய காப்புத்தொகை 250 உரூபாயே. தேர்தல் ஆணையம் திகைத்தது. அத்தனை பெயரையும் ஒரு தாளில் அச்சிட இயலாமையின் வாக்குச்சீட்டு நூல்வடிவில் அமைந்தது. அதனை ஏற்கும் பெட்டிகளும் வேண்டியிருந்தன. வாக்குப்பதிவு ஏறக்குறைய ஒரு திங்கள் தள்ளிவைக்கப்பட்டது. உலகத் தேர்தல் வரலாற்றில் இதற்கிணை காண்டல் அரிது.

முடிவு யாது? தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி செகதீசன் வென்றார், அ.தி.மு.க. வேட்பாளர் அடுத்து வந்தார். அஃதாவது, ஆயிரவர் நின்றும் வரிசை மாறவில்லை. செய்தியாளர் பலர் இதனோடு நிறுத்திக்கொண்டு, போராட்டம் தோற்றது என எழுதினர். யாம் அவ்வாறு கருதவில்லை. நின்றவருள் 88 பேர் ஒரு வாக்கும் பெறவில்லை. தம் வாக்கும் தமக்கு இல்லை! அவருட் சிலர்க்கு அத்தொகுதியில் வாக்கு இல்லாதிருந்திருக்கலாம். மாநிலத்தில் யாதானுமொரு தொகுதியின் வாக்காளர் எத்தொகுதியிலும் நிற்கலாம் என்பது சட்டம். சிலர் வாக்களிக்கச் செல்லாதிருந்திருக்கலாம். ஏனையோர் தம் பெயர் அச்சிட்ட அந்நூலைப் புரட்டி, வேறொருவர் பெயருக்கு எதிரே முத்திரை குத்தினர் என்றே கொள்ள வேண்டும். அவ்வேறொருவர் யாவர் என்பதை மறைவாக்கு முறை நமக்குக் காட்டாது. தொகுதி முழுதும் சென்ற திசையை நோக்கின் இரு பெருங்கட்சிகளுள் ஒன்றாதல் கூடும் என உய்த்துணரலாம்.

இதனை முரண்பாடு என்பர் சிலர். எமக்கு இது தெளிவாகவே படுகின்றது. வேட்புமனு ஒரு முறையீடு. வாக்கு ஒரு முடிவு. முறையிடுங்கால் அவ்வுழவர் இரு கட்சிகளையும் ஒருசேர நிறுத்திக் குற்றம் சாட்டினார்; முடிவு செய்யுங்கால், 'ஆளப்போகிறவர் இவ்விருவருள் ஒருவரே; தீமை குறைந்தவர் யார்?' என எண்ணினார். நாராயணசாமி நாயுடுவின் சங்கத்தில் நின்றவர் அவர் கட்சிக்கு வாக்களியாமைக்கும் காரணம் இதுவேயாகலாம். கொங்கு வாக்காளர் இரு கட்சிகளையும் மனமார ஏற்றனர் என்பதும், வழியின்றி ஏற்றனர் என்பதும் இவ்விடத்துச் செல்லா. அவர் முறையிடும் வாயையும் முடிவு செய்யும் கையையும் வேறு வேறாக வைத்திருந்தனர். வாக்கு என்னும் சொல் உறுதிமொழியையும் குறிக்கும். கட்சி தரும் வாக்கை நம்பாமலே கட்சிக்கு வாக்கைத் தருவது தமிழ்ச் சொல்லாட்சிக்கு ஒவ்வாதது போலத் தோன்றினும் நடைமுறையில் அதுவே நிகழ்ந்தது.

அம்முறையீட்டுக்கு அரசு தந்த மறுமொழி யாவரும் அறிந்ததே. அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பெற்றது. சட்டமன்றத் தேர்தலுக்கான காப்புத்தொகை 250 உரூபாயினின்று 5,000 ஆகவும், நாடாளுமன்றத் தேர்தலுக்கானது 500இனின்று 10,000 ஆகவும் உயர்ந்தன. ஏற்புப்பெற்ற கட்சியைச் சாராதவர்க்குப் பத்து வாக்காளர் முன்மொழிதல் வேண்டும் என்றாயிற்று. மொடக்குறிச்சி மட்டும் இதற்குக் காரணமன்று. அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நல்கொண்டாவில் நீர் வேண்டி 480 பேரும், பெல்காமில் எல்லைச் சிக்கல் பற்றி 456 பேரும் நின்றனர். கேட்ட வாயின் எண்ணிக்கையைக் குறைக்கச் சட்டம் விரைந்தது. கேட்கப்பட்ட பொருளைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. தொகை உயர்ந்தபின்னும் இவ்வழி முற்றும் அடைபடவில்லை என்பதற்கு 2019இல் தெலங்கானத்து நிசாமாபாதில் மஞ்சள் பயிரிடுவோர் நின்றமையால் வேட்பாளர் தொகை 185 ஆனதே சான்று. அங்கு ஆளுங்கட்சியின் வேட்பாளர் தோற்றார்; ஆனால் வென்றவரும் ஒரு பெருங்கட்சியினரே.

இனி, இரு கட்சிப் போட்டியால் மக்களுக்கு விளைந்த நன்மையையும் கூறாதொழிவது நடுநிலையாகாது. ஒரு பைசாவுக்காக உயிர் போன நாட்டில், 1984இல் எம்.ஜி.இராமச்சந்திரன் அரசு சிறு உழவர்க்கு மின்சாரத்தை இலவசமாக்கியது, 1990இல் மு. கருணாநிதி அரசு அதனை உழவர் அனைவர்க்கும் விரித்தது. விசைத்தறிக்கு வருவோம். 2006இல் அமைந்த தி.மு.க. அரசு இரு திங்களுக்கு 500 அலகு மின்சாரத்தை இலவசமாகத் தந்தது, 2016இல் அ.தி.மு.க. அரசு அதனை 750 ஆக்கியது, 2023இல் தி.மு.க. அரசு 1,000 ஆக்கியது. பல்லடத்துத் தறிக்கூடத்தில் மின்அளவியே தேர்தல் வரலாற்றைக் கூறும் கல்வெட்டாயிற்று எனலாம். இரு தரப்பும் ஏலம் கூறின, தறிக்காரர் பயன்பெற்றார். ஆனால் கூலி உயர்வு, நூல் விலை என்பனவற்றில் இத்தகைய ஏலம் நிகழவில்லை. எண்ணால் கூறத்தக்கதும் அரசாணை ஒன்றால் முடியத்தக்கதும் எதுவோ, அதிலேயே கட்சிகள் முந்தின.

முந்த இயலாத இடத்துக்கு நொய்யல் ஆறு எடுத்துக்காட்டு. திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் இறங்கியது. சென்னிமலைக்கு அணித்தே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு மாறாகக் கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழ்க்கரை உழவர் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரி 28ஆம் நாள் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இரண்டரைத் திங்களில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. உழவர் வாக்கும் வேண்டும், ஆலையாளர் வாக்கும் வேண்டும் என்னும் நிலையில் இரு கட்சிகளும் ஒரே நடுவழியைத்தான் பேச முடிந்தது. தந்தைக்கு ஆறு வேண்டும், மகனுக்கு ஆலை வேண்டும் என்றிருந்த வீட்டில் வாக்காளர் தெரிவதற்கு அன்று இரு வழிகள் இருந்தனவாகப் பெயரே ஒழியப் பொருளில்லை. எமக்குத் தெரிந்தவரை, 'இருவரும் ஒன்றே' என்னும் உணர்வு கொங்குநாட்டில் வலுப்பெற்றது கொள்கை நூல்களை ஒப்பிட்டன்று, இத்தகைய இடங்களில்தான்.

மூன்றாம் வழி காணும் முயற்சியும் நிகழ்ந்தது. 2009இல் தோன்றிய கொங்குநாடு முன்னேற்றக் கழகம் அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தனித்து நின்று, கோவைத் தொகுதியில் மட்டும் நூறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குப் பெற்றது. 2011இலேயே அது தி.மு.க. கூட்டணியில் சேர்ந்து தோற்றது. அதனினின்று பிரிந்த கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் ஈசுவரன் 2021இல் திருச்செங்கோட்டில் வென்றது உதயசூரியன் சின்னத்தில். மூன்றாமவர் வலிமை பெறுதற்கும் இருவருள் ஒருவரோடு சேர்தற்கும் இடையே இரண்டாண்டுகூட ஆகவில்லை என்பது நோக்கத்தக்கது.

'இருவரும் வேண்டா' என்பார்க்குச் சட்டம் ஓரிடம் தந்தது 2013 செப்டம்பர் 27ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பால். அதற்கு முன்னர் 1961ஆம் ஆண்டு விதிகளின் 49-ஓ பிரிவின்படி, வாக்களிக்க விருப்பமில்லை என்று அலுவலரிடம் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். ஊரார் அறிய அதனைச் செய்ய யாருக்குத் துணிவு வரும்? தீர்ப்புக்குப் பின் வாக்குப்பொறியில் 'நோட்டா' பொத்தான் அமைந்தது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் அப்பொத்தானுக்கு 46,559 வாக்குகள் விழுந்தன. அத்தொகுதி மலையோடு முடிவதன்று. மேட்டுப்பாளையமும் பவானிசாகரும் அவிநாசியும் அதனுள் அடங்கும். பாரதிய சனதாவின் வேட்புமனு தள்ளுபடியானமையால், அக்கட்சிக்கு வாக்களிக்க இருந்தோர் பலர் இப்பொத்தானை நாடினர் என்பர். அஃது உண்மையாயின், அவ்வாக்குகள் இரு கட்சிகளையும் வெறுத்தோருடையன என்று முழுதும் கொள்ளுதல் இயலாது. மூன்றாமவரைக் காணாதோருடையவும் ஆம். சமவெளிப் பகுதியின் வாக்குச்சாவடிக் கணக்கை மலைப்பகுதியின் கணக்கோடு பிரித்துக் காண்பாரே இதனைத் தெளிவிக்க வல்லர். இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணி இது.

மொடக்குறிச்சியைப் பற்றி இன்னுமொன்று கூறவேண்டும். 1996இல் ஆயிரவரிடையே வென்ற அதே சுப்புலட்சுமி செகதீசன் 2021இல் அதே தொகுதியில், அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற பாரதிய சனதா வேட்பாளர் சரசுவதியிடம் தோற்றார். வேறுபாடு 281 வாக்குகள்.