புள்ளியும் சாய்கோடும்

பிரையன் கேர்னிகனும் டெனிஸ் ரிச்சியும் எழுதி 1978இல் வெளிவந்த சி மொழி நூல், உலகெங்கும் நிரலாளர் பலருக்கு அரிச்சுவடியாக விளங்கியது. 'ஹலோ, வேர்ல்ட்' என்று அச்சிடும் சின்னஞ்சிறு நிரலே அதன் முதற்பாடம். நிரலைத் தொகுத்தால் ஏ.அவுட் என்றொரு கோப்பு கிடைக்கும். அப்பெயரைத் தட்டினால் நிரல் ஓடும் என்கிறது நூல்.

2000களின் தொடக்கத்தில் இரவல் பிரதியொன்றை வைத்துக்கொண்டு, லினக்ஸ் கணினியில் அவ்வாறே தட்டினேன். அப்படியொரு கட்டளை இல்லை என்றது திரை. கோப்போ கண்ணெதிரே இருந்தது. கலைப்பட்டதாரிக்கு இது ஒத்துவராது என்று எனக்கு நானே தீர்ப்பெழுதி நூலை மூடிவைத்தேன். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் இடவேண்டும் என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தேன்.

நூல் பொய் சொல்லவில்லை, காலந்தான் மாறியிருந்தது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யுனிக்ஸை உருவாக்கினார். அவர் எழுதிய அசெம்பிளர், தன் விளைவை எப்போதும் ஒரே பெயருடைய கோப்பிலேயே இட்டது. அசெம்பிளரின் அவுட்புட் என்பதன் சுருக்கமே ஏ.அவுட். விரும்பிய பெயரிடும் வசதி பின்னர் வந்தபோதும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் பெயர் குறிப்பிடாவிட்டால் ஜிசிசி தொகுப்பி அதையே இடுகிறது.

அக்கால யுனிக்ஸின் ஷெல், தட்டிய பெயரை முதலில் நாம் நிற்கும் அடைவில் தேடியது. அங்கே இல்லையென்றாலே பொதுக் கட்டளைகள் உள்ள அடைவுக்குப் போனது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில், எங்கெங்கே தேடுவது என்ற பட்டியலைப் பயனரே மாற்றும் வசதி வந்தது. அதிலும் நிற்கும் அடைவுக்கே முதலிடம்.

ஒருவரையொருவர் நம்பும் சிறு கூட்டத்துக்கு அது போதும். பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கணினியைப் பகிர்ந்தபோது வினை முளைத்தது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பெயரிலேயே ஒரு போலி நிரலை எழுதிப் பொது அடைவில் வைத்துவிட்டால் போதும். நிருவாகி அங்கு வந்து எல்எஸ் என்று தட்டியதும், அவருடைய முழு அதிகாரத்தோடும் போலி ஓடும். எனவே நிற்கும் அடைவு முதலில் நிருவாகிகளின் பட்டியலிலிருந்தும், பின்னர் பெரும்பாலும் எல்லோருடைய பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. புள்ளி என்றால் 'நான் நிற்கும் இந்த அடைவு'. இங்குள்ளதையே ஓட்டு என்று இப்போது நாமே வாய்திறந்து சொல்லவேண்டும். வின்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் இன்றும் நிற்கும் அடைவிலேயே முதலில் தேடுகிறது. 2006இல் வந்த பவர்ஷெல் அவ்வாறு செய்வதில்லை.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒருமுறை விழுந்தேன். புதிய நிரலுக்கு டெஸ்ட் எனப் பெயரிட்டு, புள்ளியை மறந்து தட்டினேன். பிழைச்செய்தியும் இல்லை, விடையும் இல்லை. ஷெல்லுக்கு அதே பெயரில் சொந்தக் கட்டளை ஒன்றுண்டு; எதையும் அச்சிடாமல் வாய்மூடித் திரும்புவது அதன் வழக்கம். ஓடாத நிரலில் பிழைதேடி ஒரு மாலைப்பொழுது போயிற்று.