வெறும் வயிற்றில் ஊசி வேண்டா

டெல்லி மோதி பாக்கிலாயினும் சென்னையிலாயினும், அக்குபங்சர் சிகிச்சைக்கு முதன்முறை செல்பவர் கேட்கும் முன்னறிவுரைகள் ஏறத்தாழ ஒன்றே: வெறும் வயிற்றோடு வர வேண்டா, வயிறு முட்ட உண்டும் வர வேண்டா, மது கூடாது, களைப்பு மிகுந்திருந்தால் இளைப்பாறிய பின்னரே ஊசி. இன்றைய மருத்துவமனையின் ஒழுங்குமுறைபோலத் தோன்றும் இவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவை.

சீன மருத்துவ மூலநூலாகிய 'ஹுவாங்தி நெய்ஜிங்'கின் 'சூவென்' பகுதியில் 52ஆம் இயல் ஊசியிடத் தகாத நிலைகளைப் பேசுகிறது. குடிவெறி, கடுஞ்சினம், பெருங்களைப்பு, உண்ட நிறைவு, பசி, தாகம், திகில் ஆகியவற்றில் இருப்போரை அது விலக்குகிறது. 'சி' எனும் உயிராற்றல் அப்போது நிலைகுலைந்திருக்கும் என்பது அக்காலத்து விளக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களோ பசியையும் களைப்பையும் மயக்கத்தோடு தொடர்புபடுத்துகின்றன. முதன்முறை வருவோரைப் படுக்கவைத்து ஊசியிடச் சொல்கின்றன. அச்சத்தால் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சரிந்து நினைவு தவறலாம் என்பது உடலியங்கியலின் விளக்கம். விதி பெரும்பாலும் அப்படியே இருக்க, காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

பழைய நூல் அறியாத ஆபத்து ஒன்றும் உண்டு. 1984இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே சிகிச்சையகத்தின் ஊசிகளால் 35 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றியது. நோயாளரின் நிலையை மட்டும் ஆராய்ந்த மரபுக்கு ஊசியின் நிலையையும் ஆராய வேண்டிய கட்டாயம் இவ்வாறு வந்தது. உறையைத் தம் கண்முன் பிரிக்கும் ஒருமுறை ஊசிதானா என்று கேட்க நம்மவர் கூசுவர். கூச வேண்டிய இடம் அதுவன்று. கருவுற்றிருப்பதையும், இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வதையும் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும்.

இந்தியாவுக்கு இம்முறையைக் கொணர்ந்தவர் நவீன மருத்துவம் பயின்ற ஒருவர் என்பது கவனத்துக்குரியது. 1938இல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐவர் மருத்துவக் குழுவில், 1942இல் அங்கேயே மறைந்த துவாரகாநாத் கோட்னிஸை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அதே குழுவின் பிஜய் குமார் பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று இக்கலையைக் கற்றுக் கல்கத்தாவில் சிகிச்சையளித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. டெல்லியிலிருந்து நடுவண் அரசு 2003இல் பிறப்பித்த ஆணையோ, பதிவுபெற்ற மருத்துவரோடு 'தகுந்த பயிற்சி பெற்றோர்' என்ற தொடரையும் சேர்த்தது. அப்பயிற்சி எங்கே, எத்தனை காலம் என்பதும் முதன்முறை செல்பவர் படுக்கையில் படுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வியே.